ராமேஸ்வரம் தாலுகாவுக்குள் 143 போர்வெல்லில் 6தான் விழுகிறது, அவசரம்!

கரிச்சான்: நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கணும். 143 போரின் மண்ணடுக்கு விவரம் இருக்கிறது, எல்லாமே பாம்பன் தீவுக்குள் போட்டவை. தாலுகா எல்லையை வைத்து வடிகட்டினால் 6தான் வருகிறது. மீதி எங்கே போச்சு?

உப்பளத்தான்: எந்த சாஃப்ட்வேர்? எல்லை, போர் இரண்டுக்கும் சிஆர்எஸ் (புள்ளியின் இடத்தை எண்ணால் சொல்லும் முறை) என்ன? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் சோழி போட்டா பார்ப்பது?

சேது88: சிஆர்எஸ்தான், சந்தேகமே வேண்டாம். எல்லை 32644ல் (மீட்டர் கணக்கு) இருக்கும், போர் 4326ல் (டிகிரி கணக்கு) இருக்கும். எனக்கும் இதே கூத்து நடந்தது.

கரிச்சான்: க்யூஜிஐஎஸ். இரண்டுமே 4326.

பனங்காடை: அப்படியென்றால் லாட், லாங் (அட்சரேகை, தீர்க்கரேகை) இடம் மாறியிருக்கும் தம்பி. எக்ஸில் 79, ஒய்யில் 9 வரணும்.

நில_அளவை: மாறியிருந்தால் புள்ளியெல்லாம் வட துருவப் பக்கம் ஸ்வால்பார்டு தீவுக்கு மேற்கே பனிக்கடலில் நிற்கும். 6 மட்டும் எப்படித் தீவுக்கு வந்தது, நீந்தியா? சிஆர்எஸ் தப்பென்றாலும் மொத்தமாகத்தான் தப்பும். அடியில் ஒரு மேப்பைப் போட்டுப் பார்ப்பது முதல் நாள் பாடம். யாரும் செய்வதில்லை.

கரிச்சான்: போட்டேன் சார். பெரும்பாலும் மண்டபத்துக்குத் தெற்கே கடலுக்குள் கிடக்கிறது.

சேது88: கடலில் போர் போட்டால் உப்புத்தண்ணிதான் வரும் :)

பனங்காடை: இன்னும் ஆழம் போனால் நல்ல தண்ணி வரும்.

உப்பளத்தான்: தீவில் அந்தக் கணக்கு செல்லாது அண்ணே. மணலில் இறங்கிய மழைத்தண்ணி உப்புத்தண்ணி மேல் மிதக்கிறது. நல்ல தண்ணி கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை இருக்கும். மோட்டார் போட்டு உறிஞ்ச உறிஞ்ச அடியிலிருந்து உப்பு ஏறும். தனுஷ்கோடியில் கையால்தானே ஊற்று தோண்டுகிறார்கள்?

பனங்காடை: அப்புறம் வில்லூண்டி தீர்த்தம்? கடலுக்குள்ளேயே நல்ல தண்ணி!

நில_அளவை: கிணறு வெட்டியது போதும். தம்பி, ஃபைலிலிருந்து மூன்று வரி ஒட்டு.

கரிச்சான்:
9.17, 79.18
9.16, 79.13
9.2841, 79.3127
கடைசி வரி அந்த 6ல் ஒன்று. அவை நாங்களே போன மாதம் போனில் எடுத்தவை. மற்றவை பழைய நோட்டைப் பார்த்து டைப் அடித்தது.

நில_அளவை: இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாம். 9.17 என்பது 9 டிகிரி 17 நிமிடம். அதை டெசிமலாக எடுத்ததால் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர், மேற்கே 13 நகர்ந்துவிட்டது. புள்ளிக்குப் பின்னால் 59ஐத் தாண்டிய எண்ணே இருக்காது, பார். அதை 60ஆல் வகுத்துக் கூட்டு: 9 + 17/60 = 9.283. போனில் எடுத்த ஆறைத் தொடாதே.

கரிச்சான்: 140 வந்துடுச்சு!! நன்றி சார். தனுஷ்கோடி போர் மூன்று மட்டும் பட்டுக்கோட்டைப் பக்கம் போய் நிற்கிறது??

உப்பளத்தான்: அதில் 9.9 என்று இருக்குமே? அது 9 நிமிடம், 90 இல்லை. 9.2 என்று இருப்பதையும் நோட்டோடு ஒத்துப் பார், 2ஆ 20ஆ என்று. கடைசி சைபரை எக்ஸெல் தின்றுவிடும்.

சேது88: ஆளைக் காணோம். ரிப்போர்ட் கொடுக்கப் போயிருப்பான்.

பனங்காடை: வில்லூண்டிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.