ஜார்ஜியாவில் எம்பிபிஎஸ்: வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள், கட்டலாமா?

மிளகுக்கொடி:

வணக்கம். அக்கா மகளுக்காகக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள். அக்காவும் மாமாவும் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காபி, நடுவில் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி, அவ்வளவுதான் வைத்திருக்கிறார்கள். பாப்பா பத்தாவது வரை மேலேயே கான்வென்ட்டில் படித்தாள், அப்புறம் இரண்டு வருஷம் ராசிபுரம் பக்கம் ஹாஸ்டல். நீட்டில் 318. தகுதி வந்துவிட்டது, கவுன்சிலிங்கில் சீட் வரவில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் வருஷத்துக்கே 20 லட்சத்துக்கு மேல் என்பதால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். ஜார்ஜியாவில் ஆறு வருஷம், ஆங்கிலத்திலேயே பாடம், என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) அங்கீகாரம் பெற்ற கல்லூரி, தென்னிந்தியச் சாப்பாடு, திரும்பி வந்து ஒரே ஒரு பரீட்சை எழுதினால் டாக்டர் என்று வரிசையாகச் சொன்னார்கள். எல்லாம் சேர்த்து 35 லட்சம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லட்சம் கட்டினால்தான் சீட் நிற்குமாம், கட்டியது திரும்ப வராதாம். மாமா கையெழுத்துப் போடுகிற மனநிலைக்கு வந்துவிட்டார், தோட்டத்தை வைத்து பேங்க்கில் லோன் வாங்கிவிடலாம் என்கிறார்.

பாப்பாவுக்கு இது சும்மா வந்த ஆசை இல்லை. கொஞ்சம் பெரிய கேஸ் என்றாலே இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலம் போக வேண்டிய ஊரில் வளர்ந்தவள், அந்த வண்டியில் அவளே கூட உட்கார்ந்து போயிருக்கிறாள். அவளை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே நேரம் இருக்கிற ஒரே நிலம். அந்த அங்கீகாரம் என்பது உண்மையா, அந்தப் பரீட்சை அவ்வளவு சுலபமா, ஒரு பெண் பிள்ளையை அங்கே நம்பி அனுப்பலாமா? சொல்லுங்கள்.

டிபிலிசி ஐந்தாம் ஆண்டு:

அண்ணா, நான் ஓமலூர், இங்கே ஜார்ஜியா தலைநகர் டிபிலிசியில் ஐந்தாவது வருஷம் படிக்கிறேன். முதலில் அந்த அங்கீகாரம். இப்போது என்எம்சி எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் அங்கீகாரம் என்று தருவதே இல்லை, அப்படி ஒரு பட்டியலும் கிடையாது. 2021 நவம்பரில் வந்த விதிமுறையில் இருப்பது நிபந்தனைகள் மட்டும்தான். படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதே கல்லூரியில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடத்த வேண்டும், பாதியில் வேறு நாட்டுக்கு மாறக் கூடாது, சேர்ந்த நாளிலிருந்து 10 வருஷத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும், முக்கியமாக அந்த நாட்டுக்காரருக்குக் கிடைக்கிற மாதிரியே உங்களுக்கும் அங்கே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி கிடைக்க வேண்டும். இதில் ஒன்று இல்லை என்றாலும் ஆறு வருஷம் கழித்து ஊரில் வந்து நிற்கும்போதுதான் தெரியும். பிலிப்பைன்ஸில் நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சிக்கியது இப்படித்தான், அங்கே முதலில் பிஎஸ் என்ற முன்படிப்பு, அப்புறம் நாலு வருஷம் எம்டி (நம் எம்பிபிஎஸ் மாதிரி), நாலு வருஷம் என்றால் 48 மாதம்தானே, பிஎஸ்ஸைச் சேர்க்க முடியாது என்று என்எம்சி சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை கெடுவை நம்ப வேண்டாம். வெளிநாட்டுப் படிப்புக்கு நீட் தகுதி மூன்று வருஷம் செல்லும். இங்கே பல பல்கலைக்கழகங்களில் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்களில் கட்டணம் வருஷத்துக்கு 5,000 முதல் 8,000 டாலர் வரை போகிறது, அதற்கு மேல் உங்களிடம் கேட்கிற தொகை எதற்கு என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள்.

படிப்பைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் போகும், புத்தகம் எல்லாம் ஒன்றுதான். மூன்றாம் வருஷத்திலிருந்து வார்டு. ஒரு கட்டிலைச் சுற்றி பத்துப் பதினைந்து பேர் நிற்போம், நோயாளி ஜார்ஜிய மொழியில் பேசுவார், டாக்டர் அதை இரண்டு வரியில் ஆங்கிலத்தில் சொல்வார், பின்வரிசையில் நிற்கிறவனுக்கு அதுவும் கேட்காது. நெஞ்சு வலி என்றால் எப்போதிலிருந்து, எந்தக் கைக்குப் பரவுகிறது, வியர்த்ததா என்று நோயாளியிடம் தானே கேட்டு வாங்கினால்தான் படிப்பு மண்டையில் ஏறும். அதற்கு மொழி வேண்டும். முதல் வருஷமே மொழி வகுப்பை ஒழுங்காகப் படித்த பிள்ளைகள் இப்போது முன்வரிசையில் நிற்கிறார்கள். பாப்பா வருவதாக இருந்தால் இதை மட்டும் அவளிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

ஆத்தூர் டூட்டி டாக்டர்:

மேலே தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் உக்ரைனில் படித்தவன், போர் தொடங்கிய 2022 பிப்ரவரி 24 காலையில் கடைசி வருஷத்தில் இருந்தேன், எல்லை தாண்டி வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். கடைசி மாதங்கள் ஆன்லைனில் முடிந்ததால் எங்களுக்கு இங்கே பயிற்சி ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம். இப்போது லைசென்ஸோடு வேலை பார்க்கிறேன், அதனால் போகவே கூடாது என்று சொல்லும் கட்சி நான் இல்லை.

அந்த ஒரே ஒரு பரீட்சையைப் பற்றிச் சொல்கிறேன். அது எஃப்எம்ஜிஇ, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வு, 2002 முதல் நடக்கிறது, வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும். 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், தப்புக்கு மார்க் குறைப்பு இல்லை. கேட்க லேசாக இருக்கிறதா? 2024 ஜூன் தேர்வில் தேறியவர்கள் ஐந்தில் ஒருவர்தான். காரணம் பிள்ளைகள் மக்கு என்பதல்ல. முதல் வருஷ அனாடமியிலிருந்து கடைசி வருஷப் பிரசவம் வரை ஆறு வருஷப் படிப்பும் ஒரே நாளில் வரும். அங்கே அந்தந்த பாடத்துக்குக் குட்டித் தேர்வு எழுதிக் கடந்துவிட்டவனுக்கு மூன்றாம் வருஷ பேத்தாலஜி அப்போது நினைவில் இருக்காது. இதற்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற தேர்வு வரும் என்று பல வருஷமாகச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், உங்கள் பாப்பா முடிக்கும்போது எது இருக்குமோ, இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு வேலை செய்யுங்கள். எஃப்எம்ஜிஇ நடத்தும் தேசியத் தேர்வு வாரியம் எந்த நாட்டில் எந்தக் கல்லூரியில் படித்தவர்கள் எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் தேறினார்கள் என்று பட்டியலே வெளியிட்டிருக்கிறது. அந்தக் கன்சல்டன்சி சொல்லும் கல்லூரியின் பெயரை அதில் தேடுங்கள். புது கல்லூரி, பட்டியலில் இன்னும் வரவில்லை என்று பதில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், உங்கள் பிள்ளையை வைத்து அவர்கள் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

பாஸ் ஆனதும் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவு, அப்புறம் இங்கே ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஒரு கல்லூரியின் மொத்த இடத்தில் 7.5 சதவீதம் வரைதான், அதனால் காத்திருக்க வேண்டி வரும். ஆனால் அந்த ஒரு வருஷம் தங்கம். நான் அங்கே ஆறு வருஷத்தில் ஒரு பாம்புக்கடி பார்த்ததில்லை. இங்கே முதல் வாரமே ராத்திரியில் காட்டு வேலைக்காரர் ஒருவரை வண்டியில் கொண்டு வந்தார்கள், கண் இமை இரண்டும் தொங்கிவிட்டது, கடித்த இடத்தில் வீக்கமே இல்லை. கட்டுவிரியனாக இருக்கும், மூச்சைப் பார், டியூப் போடத் தயாராக இரு என்று சீனியர் அக்கா சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கிவிட்டார். அரளி விதை, பூச்சிமருந்து, சாணிப்பவுடர் விஷம் என்று நம் பக்கத்து கேஸ்களை ஐரோப்பிய வார்டுகளில் அவ்வளவாகப் பார்க்க முடியாது. பாப்பா ஏற்காட்டுக்கே திரும்பி வந்து வைத்தியம் பார்க்க நினைக்கிறாள் என்றால், லீவில் வரும்போதெல்லாம் அனுமதி கேட்டு ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் போய் நிற்கச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை அம்மா:

தம்பி, என் பையன் கிர்கிஸ்தானில் பிஷ்கெக்கில் படிக்கிறான். பெண் பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன். அவன் வகுப்பில் நம் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தைரியமாக, ஒழுங்காகப் படிக்கிறார்கள். ஆனால் 2024 மே மாதம் அங்கே வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கியிருந்த ஹாஸ்டல்களில் கும்பல் புகுந்து அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். தூதரகம் வெளியே வராதீர்கள் என்று சொன்னது. லைட்டை அணைத்துவிட்டு அறைக்குள் இருக்கிறேன் அம்மா, போன் சார்ஜ் போய்விடும், நானே பேசுகிறேன் என்று சொல்லி வைத்தான். இவரும் நானும் விடிய விடிய தறிப் பக்கமே போகாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் எல்லாம் அடங்கி, வந்து போய், இப்போது படிப்பு நடக்கிறது. எதற்குச் சொல்கிறேன் என்றால், கல்லூரி ஹாஸ்டலா, ஏஜென்ட் எடுத்து விட்டிருக்கிற வாடகை வீடா என்பதைக் கேளுங்கள். பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது, அந்த ஆள் அங்கேயே இருக்கிறாரா, சேலத்தில் உட்கார்ந்துகொண்டு போன் எடுக்கிறவரா என்று கேளுங்கள்.

குளிரும் சாதாரணக் குளிர் இல்லை, ஏற்காட்டுப் பனியைப் பார்த்த பிள்ளைதானே என்று விட்டுவிடாதீர்கள். சின்ன குக்கர் ஒன்று, பருப்புப்பொடி, புளி கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். முதல் மூன்று மாதம் தாண்டிவிட்டால் பிள்ளைகள் தேறிவிடுவார்கள்.

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அக்கா மாமா இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். மாமா கேட்பது ஒன்றே ஒன்றுதான், படித்து முடித்ததும் சம்பாதித்து லோனைக் கட்டிவிடுவாள் இல்லையா, தோட்டத்துக்கு ஆபத்து வராதே என்று. இதற்கு யாராவது பதில் சொல்ல முடியுமா?

செவ்வாய்ப்பேட்டை ஓய்வு மேனேஜர்:

தம்பி, பேங்க்கில் பல வருஷம் கல்விக் கடன் பார்த்தவன் நான். உங்கள் மாமா கேட்ட கேள்விதான் இந்தப் பேச்சிலேயே முக்கியமான கேள்வி, அதனால் நிதானமாகப் படியுங்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் பேங்க் பொதுவாக அடமானம் கேட்கும். விவசாய நிலத்தைப் பல பேங்க்குகள் இந்தக் கடனுக்கு எடுப்பதில்லை, வீடோ மனையோதான் கேட்பார்கள். அதனால் கன்சல்டன்சிக்கு ஒரு பைசா கொடுக்கும் முன் பட்டா, வில்லங்கச் சான்று எடுத்துக்கொண்டு பேங்க்குக்குப் போய் எழுத்தில் பதில் வாங்குங்கள். லோன் கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகு கந்து வட்டிக்குப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பாதை மட்டும் வேண்டவே வேண்டாம். மத்திய அரசின் வட்டி மானியமும் இந்தியாவுக்குள் படிப்பவர்களுக்குத்தான்.

அடுத்தது தவணை. வழக்கமாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கேட்க மாட்டார்கள், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். இப்போது கணக்குப் போடுங்கள். ஆறு வருஷம் முடித்து வருகிறாள், எஃப்எம்ஜிஇக்குத் தயாராகி எழுத வேண்டும், தேறி, பதிவு வாங்கி, இடத்துக்குக் காத்திருந்து, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் பார்க்க வேண்டும். எல்லாம் முதல் தடவையே கைகூடினாலும் அந்த ஒரு வருஷ அவகாசம் போதாது. லைசென்ஸ் கைக்கு வரும் முன்பே தவணை தொடங்கிவிடும், பயிற்சி ஊதியத்தில் அதைக் கட்ட முடியாது. அந்த இடைவெளிக்கு வீட்டில் வேறு வருமானம் இருக்கிறதா என்பதுதான் மாமாவின் கேள்விக்குப் பதில். கையெழுத்துக்கு முன்பே அவகாசத்தை நீட்டித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் டாலர். 2019-ல் 70 ரூபாய் சுமாரில் இருந்தது, 2025 கடைசியில் 90-ஐத் தாண்டியது. கட்டணம் டாலரில் என்றால் இன்றைய 35 லட்சம் ஆறாம் வருஷத்திலும் 35 லட்சமாக இருக்காது. ஐந்து லட்சமாவது கூடுதலாக வைத்து யோசியுங்கள்.

மிளகுக்கொடி:

ஐயா, மாமாவுக்கு இது புரிந்துவிட்டது, அக்காவுக்கும். இன்னொரு வருஷம் நீட் எழுதட்டும், அதற்குள் பேங்க்கையும் கேட்டு வைப்போம் என்கிறார்கள். பாப்பா முகம்தான் விழுந்துவிட்டது. ஒரு வருஷம் வீணா என்கிறாள்.

டிபிலிசி ஐந்தாம் ஆண்டு:

அண்ணா, வீண் இல்லை. நீட்டுக்கு ஒழுங்காகப் படிக்கிற பயாலஜியும் கெமிஸ்ட்ரியும் இங்கே வந்தால் முதல் வருஷத்தைத் தாங்கிவிடும், பயாலஜி சரியில்லாமல் வந்தவர்கள்தான் முதல் செமஸ்டரிலேயே திணறுகிறார்கள். சீட் நம் ஊரிலேயே கிடைத்துவிட்டால் அதைவிட நல்லது வேறு இல்லை. கிடைக்காவிட்டால் அடுத்த செப்டம்பருக்கு இப்போதே கல்லூரிக்கு மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்: ஆறாம் வருஷ இன்டர்ன்ஷிப் முழு 12 மாதம் என்று மதிப்பெண் பட்டியலில் வருமா, படித்து முடித்த வெளிநாட்டவருக்கு இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கிற அதே பதிவு உரிமை உண்டா, வார்டு எந்த ஆஸ்பத்திரியில், ஒரு குழுவில் எத்தனை பேர். இந்த மின்னஞ்சலைப் பாப்பாவே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன். அதுவரை அந்த ஒரு லட்சத்தைக் கட்ட வேண்டாம்.