மெக்காஃப்ரியை முதலில் எடுத்தது தப்பா? 2024 டிராஃப்ட் கோப்பை யாருக்கு?

கமிஷனர்
2024 சீசன் முடிந்தது. நம் 12 பேர் ஃபேன்டசி லீக்கில் (அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல் வீரர்களை டிராஃப்டில், அதாவது முறைவைத்து, ஆளாளுக்குத் தேர்ந்தெடுத்து, நிஜ ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்குப் புள்ளி எண்ணும் விளையாட்டு) சாம்பியன் ஆறாவதாகத் தேர்வு செய்த ஆறாம்பிக், அதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் சிறந்த டிராஃப்டுக்கான தனிக் கோப்பையில்தான். போட்டியில் இருக்கும் இருவரையும் விட்டுவிட்டுப் பார்த்தால் ஓட்டு ஐந்துக்கு ஐந்து. மறந்தவர்களுக்காக (தேர்வு வரிசை ரவுண்டுக்கு ரவுண்டு தலைகீழாகத் திரும்பும்): முதலில் தேர்வு செய்த நம் நண்பர் முதல்பிக் எடுத்தது கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, அப்புறம் 24ஆவது இடத்தில் டெரிக் ஹென்றி. ஆறாம்பிக் எடுத்தது ஜமார் சேஸ், 19இல் டிராவிஸ் எட்டியன், 43இல் லமார் ஜாக்சன், 91இல் பிராக் பவர்ஸ், 163இல் ஜோர்டன் மேசன். யாராவது ஒருவர் மனம் மாறினால்தான் முடிவு வரும், பேசுங்கள்.

பனிக்காலம்
என் ஓட்டு முதல்பிக்குக்கு, மாற்ற மாட்டேன். டிராஃப்டை டிராஃப்ட் நாளில் தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். 2023இல் மெக்காஃப்ரி 1,459 கெஜம் ஓடினார், 67 கேட்ச் பிடித்தார், மொத்தம் 21 டச்டவுன் (எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது). ஆகஸ்டில் வந்த பட்டியல்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அவர்தான் முதல் இடம். அவர் நாலே ஆட்டம் ஆடுவார் என்று இங்கே யாருக்குத் தெரியும்? சரி, அவரை விட்டிருந்தால் வேறு யார்? டைரீக் ஹில் என்று அன்றைக்குப் பாதிப் பேர் சொன்னோம். முந்தைய வருடம் 1,799 கெஜம் எடுத்தவர் 2024இல் 959இல் நின்றார்.

ரவுண்டுபத்து
டிராஃப்ட் நாளில் தெரிந்ததை வைத்தே பேசலாம், நானும் அதைத்தான் சொல்கிறேன். அன்று என்னென்ன தெரியும்? மெக்காஃப்ரிக்கு 28 வயது. 2020இல் மூன்று ஆட்டம், 2021இல் ஏழு ஆட்டம்தான் ஆடினார். 2023இல் ஓட்டம், கேட்ச் இரண்டையும் சேர்த்தால் என்எஃப்எல்லிலேயே அதிக முறை பந்தைக் கையாண்ட ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), அதற்கு மேல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போனவர். ஆகஸ்டில் பெரும்பாலும் கெண்டைக்கால் காயம் என்று பயிற்சிக்கு வரவில்லை. அவருக்கு அடுத்து நிற்கவேண்டிய எலைஜா மிட்செலும் ஆகஸ்ட் கடைசியிலேயே சீசனை விட்டுப் போய்விட்டார். இதெல்லாம் நாம் டிராஃப்ட் செய்வதற்கு முன்பே வந்த செய்தி. இவ்வளவும் தெரிந்து மெக்காஃப்ரியை எடுத்ததை நான் குறை சொல்லவில்லை, எடுக்கலாம். ஆனால் எடுத்தவர் அதே அணியில் அடுத்து நின்ற மேசனையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். முதல்பிக்கின் கையில் 144, 145 என்று அடுத்தடுத்து இரண்டு பிக் இருந்தன, அதில் ஒன்றை இரண்டாவது குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கொடுத்தார். மேசனோ 163 வரை சும்மா கிடந்தார்.

முதல்பிக்
நண்பா, மேசன் பெயரை ஆகஸ்டில் எத்தனை பேர் சொன்னீர்கள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். முதல் வாரம் திங்கள் இரவு ஆட்டம், தொடங்கச் சற்று முன்புதான் மெக்காஃப்ரி ஆடவில்லை என்று அறிவித்தார்கள். மற்ற ஆட்டமெல்லாம் முடிந்துபோயிருந்தது, ஆளை மாற்றக்கூட வழியில்லை. அன்றைக்கு மேசன் 147 கெஜம் ஓடின பிறகு எல்லோரும் அவரை முன்பே தெரியும் என்கிறீர்கள். ஹென்றியைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? 30 வயது ரன்னிங் பேக்கை இரண்டாம் ரவுண்டில் எடுக்கிறாயா என்று அன்று என்னைக் கேலி செய்தீர்கள். ஹென்றியின் அணியான பால்டிமோரில் குவார்ட்டர்பேக் லமார் எப்போது வேண்டுமானாலும் தானே ஓடுவார் என்ற பயத்தில் தற்காப்பு ஒரு பக்கம் இழுபடும், நடுவில் ஹென்றிக்கு வழி கிடைக்கும் என்று நான் அன்றே நம் குழுவில் எழுதினேன். 1,921 கெஜம், தரையில் மட்டும் 16 டச்டவுன். இதையும் அதிர்ஷ்டம் என்பீர்களா?

ஆறாம்பிக்
ஹென்றி பிக் அருமை, அதை மறுத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை எனக்கும் கேளுங்கள். சேஸ் அப்போது ஒப்பந்தத் தகராறில் பயிற்சியில் சேராமல் இருந்தார், அதனாலேயே ஐந்து பேர் அவரைத் தாண்டிப் போனார்கள். அவருடைய குவார்ட்டர்பேக் பரோ உடம்பு சரியாகித் திரும்பினால் இந்த ஜோடியைத் தடுக்க ஆளில்லை என்று நம்பித்தான் எடுத்தேன். 127 கேட்ச், 1,708 கெஜம், 17 டச்டவுன், மூன்றிலும் என்எஃப்எல்லில் முதலிடம். பவர்ஸும் அப்படித்தான். அவருடைய அணியான லாஸ் வேகஸில் டைட் எண்டாக (தடுப்பதும் பந்து பிடிப்பதும் செய்பவர்) ஏற்கெனவே மேயர் இருக்கிறார், குவார்ட்டர்பேக் யாரென்றே பிடிபடவில்லை, புது டைட் எண்ட் முதல் வருடம் ஒன்றும் செய்யமாட்டான் என்றார்கள். என்எஃப்எல் டிராஃப்டில் 13ஆவது ஆளாகத் தேர்வான ஒருவனை ஓர் அணி பெஞ்சில் உட்கார வைக்காது என்பது என் கணக்கு. 112 கேட்ச், எந்த இடத்தில் ஆடும் புதுமுகமும் அதுவரை எடுக்காதது.

பனிக்காலம்
எட்டியனை ஏன் விட்டுவிட்டீர்கள்? 19ஆவது பிக், சீசன் முழுக்க ஓடினது 558 கெஜம். முதல்பிக்குக்கு மெக்காஃப்ரி காயத்தால் போனார், உங்கள் ஆள் 15 ஆட்டம் ஆடியே அவ்வளவுதான் எடுத்தார். எதிர்பார்ப்பில் தவறியது யார் என்று பார்த்தால் இதுதான் மோசமான பிக். இன்னொன்று, ஆப் கொடுத்த கிரேடில் முதல்பிக்குக்கு ஏ, உங்களுக்கு சி.

ரவுண்டுபத்து
ஆப் கிரேடை இந்தப் பேச்சுக்குள் கொண்டுவரவே கூடாது. அந்தக் கிரேடு ஆப்பின் சொந்தக் கணிப்பை வைத்துப் போடுவது. அதன் பட்டியலில் இருக்கிற வரிசைப்படியே எடுத்துக்கொண்டு போனால் ஏ கிடைக்கும், நீங்களாக யோசித்து ஒரு பவர்ஸை மேலே இழுத்தால் மார்க் குறையும். யோசித்து எடுத்தவருக்குக் கொடுக்கிற கோப்பையை அதை வைத்து எப்படிக் கொடுப்பது?

எட்டியன் விஷயத்தில் பனிக்காலம் சொல்வது சரி, மோசமான பிக்தான். ஆனால் ஒரு டிராஃப்ட் என்பது 16 பிக். அதில் ஒருவர் கவிழ்ந்தால் தாங்குவதற்கு வேறு எங்கே ஏற்பாடு செய்திருக்கிறோம் என்பதுதான் திறமை. எட்டியன் கவிழ்ந்த வாரங்களில் ஆறாம்பிக்குக்கு மேசன் இருந்தார். மெக்காஃப்ரி கவிழ்ந்தபோது முதல்பிக்கிடம் இரண்டு குவார்ட்டர்பேக் இருந்தார்கள், நம் லீக்கில் வாரத்துக்கு ஒருவரைத்தான் இறக்க முடியும். அதில் இரண்டாமவர் மெக்காஃப்ரியின் இடத்தை எந்த வாரத்திலும் நிரப்ப முடியாது. இது ஆகஸ்டிலேயே தெரிந்த விஷயம்.

முதல்பிக்
அந்த இரண்டாவது குவார்ட்டர்பேக்கை பரிமாற்றத்துக்காக வைத்திருந்தேன். நடக்கவில்லை, அது வேறு. ஆனால் ஒருவர் சாம்பியன் ஆனதால்தான் அவருடைய 163ஆவது பிக் எல்லாம் இப்போது ஞானமாகத் தெரிகிறது, தோற்றவருடைய ஹென்றி வெறும் ஒரு வரியில் போய்விடுகிறது. இந்தப் பார்வை எனக்கு வலிக்கிறது.

கமிஷனர்
ஒரு வழி சொல்கிறேன். வெய்வரில் (சீசன் நடுவில், யாரிடமும் இல்லாத வீரர்களிலிருந்து) எடுத்தது, பரிமாற்றம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, டிராஃப்டில் எடுத்த 16 பேரை மட்டும் வைத்து வாரா வாரம் சிறந்த அணியை இறக்கினால் 17 வாரத்தில் யாருக்கு எவ்வளவு புள்ளி என்று கூட்டிப் பார்க்கலாம். பெஸ்ட் பால் போட்டிகள் இப்படித்தான் நடக்கின்றன.

பனிக்காலம்
அதிலும் காயம் காயம்தானே அண்ணா, அந்த நாலு வாரம் போக மெக்காஃப்ரி பூஜ்யமாகத்தான் வருவார். என் வாதம் அப்படியே நிற்கிறது. அடுத்த வருடத்திலிருந்து முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே ஓட்டைப் போட்டுப் பூட்டிவிடுங்கள், அப்போதுதான் பிக்கைப் பார்த்து ஓட்டு விழும்.

ரவுண்டுபத்து
பூட்டுங்கள், எனக்குச் சம்மதம். ஆனால் அப்படி ஆகஸ்டில் பூட்டியிருந்தால் ஹென்றியைக் கேலி செய்த இதே ஆட்கள் முதல்பிக்குக்கு ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்கள், பவர்ஸைக் கேலி செய்தவர்கள் ஆறாம்பிக்குக்கும் போட்டிருக்க மாட்டார்கள். பட்டியலைப் பார்த்து எடுத்த யாரோ ஒருவருக்குப் போயிருக்கும். இந்த வருடத்துக்கு என் ஓட்டு ஆறாம்பிக்குக்கே. கமிஷனர், அந்த 16 பேர் கணக்கைப் போட்டு இங்கே ஒட்டுங்கள், வாரவாரியாக வேண்டும்.