பவர்டேபிள் பில்லுக்கு டிடிஎஸ்: ஒரு பில்லும் 30,000 தாண்டவில்லை, பிடிக்கணுமா?

பனியன்யூனிட்_திருப்பூர் (மே 2025):
வணக்கம். என் பெயரில் சின்ன பனியன் யூனிட் நடத்துகிறேன். 2024-25-இல் விற்றுமுதல் முதல் முறையாக 1 கோடியைத் தாண்டியது. இந்த ஏப்ரலில் இருந்து ஜாப் ஒர்க் பில்லுக்கு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது) பிடிக்கச் சொல்கிறார் ஆடிட்டர். துணியை நாங்கள் கட் செய்து கொடுப்போம், பவர்டேபிள்காரர் தைத்துத் தருவார். வாரம் 18,000, 19,000 என்றுதான் பில். இதுவரை மொத்தம் 94,000 கொடுத்தாயிற்று. சனிக்கிழமை அவர் ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டிய பணம் அது. பிடிக்க மனசு வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஆடிட்டர் சொன்னது சரிங்க. முந்தைய வருட விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டினால் தனிநபருக்கும் வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவு (ஒப்பந்த வேலைக் கூலிக்கான டிடிஎஸ்) பொருந்தும். ஒரே பில் 30,000-ஐத் தாண்டினாலும் பிடிக்கணும், வருட மொத்தம் 1 லட்சத்தைத் தாண்டினாலும் பிடிக்கணும். உங்களுக்கு அடுத்த பில் 19,000 வந்தால் மொத்தம் 1,13,000. அந்த ஒரு பில்லுக்கு மட்டும் இல்லை, 1,13,000-க்கும் சேர்த்து 1 சதவீதம், அதாவது 1,130 ரூபாய், அந்த பில்லிலேயே பிடிக்க வேண்டி வரும். வருட மொத்தம் தாண்டும் என்று முன்கூட்டியே தெரிகிற ஆட்களுக்கு முதல் பில்லில் இருந்தே பிடித்துவிடுங்கள். 19,000-க்கு 190 ரூபாய்தான், சனிக்கிழமைச் சம்பளம் இடிக்காது.

பிடிப்பதைவிட முக்கியம் ஒன்று உண்டு. அந்த 190 ரூபாய் அவர் பணம். மறுமாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டி, 26கியூ ரிட்டர்னில் (மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் போடும் டிடிஎஸ் கணக்கு) அவர் பான் நம்பரைச் சரியாகப் போட்டால்தான் அவருடைய 26ஏஎஸ்-இல் (அவர் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் பதிவு) ஏறும். வரி வராத ஆள் என்றால் அவர் தன் வருமான வரி ரிட்டர்ன் போட்டு முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரு எழுத்து மாறினால் அவருக்கு எதுவும் ஏறாது. அதனால் வாயால் சொல்ல விடாமல் பான் கார்டு ஜெராக்ஸ் வாங்குங்கள். பான் தராதவருக்கு 20 சதவீதம், அதே பில்லுக்கு 3,800 ரூபாய் போய்விடும்.

ஏப்ரல்-ஜூன் ரிட்டர்னுக்கு ஜூலை 31 கடைசி. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய், அதிகபட்சம் வரித் தொகை அளவு வரை ஏறும். டேன் நம்பருக்கு (டிடிஎஸ் பிடிப்பவருக்கான எண்) இப்போதே விண்ணப்பியுங்கள்.

பனியன்யூனிட்_திருப்பூர்:
நன்றிங்க அண்ணா. பிரிண்டிங்காரர் பார்ட்னர்ஷிப் நிறுவனம், ஜிஎஸ்டி பில் தருகிறார். அவருக்கு?

கணக்குப்பிள்ளை:
2 சதவீதம். ஜிஎஸ்டியைப் பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு, கூலித் தொகைக்கு மட்டும் பிடியுங்கள்.

டெம்போ_அவிநாசி:
வண்டி வாடகையை மறந்துடாதீங்க. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் என்றால், பான் நம்பரோடு அப்படியே எழுதி வாங்கிக்கொண்டால் பிடிக்க வேண்டாம். எங்கள் பார்ட்டிகளுக்கு நான் வருட ஆரம்பத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஆனால் பிடிக்காவிட்டாலும் 26கியூவில் அந்தத் தொகையைக் காட்டணும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பனியன்யூனிட்_திருப்பூர்:
நூல் வாங்குவதற்கும் உண்டா?

கணக்குப்பிள்ளை:
இல்லைங்க. அது சரக்குக் கொள்முதல். உங்கள் விற்றுமுதல் 10 கோடியைத் தாண்டிய பிறகுதான் அந்தப் பேச்சே வரும்.