வீட்டருகே புதிய பெட்ரோல் நிலையம்: மண்டல விதி எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது?

கேள்வி: வடகலிஃபோர்னியாவாசி

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவின் வடபகுதியில் ஒரு சிறு நகரத்தில் குடியிருக்கிறோம். எங்கள் தெருமுனையில் உள்ள பல்பொருள் அங்காடி, தன் கார் நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியில், ஒரே நேரத்தில் பதினாறு கார்களுக்கு எரிபொருள் நிரப்பக்கூடிய பெட்ரோல் நிலையம் அமைக்க விண்ணப்பித்திருக்கிறது. அதற்கான நிபந்தனை அனுமதி குறித்து நகரத் திட்டக் குழு பொது விசாரணை நடத்தப்போவதாக நேற்று தபாலில் அறிவிப்பு வந்தது. அந்த இடத்தின் பின்சுவரை ஒட்டியே ஒரு குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. என் மகள் பகல் முழுவதும் அங்குதான் இருக்கிறாள்.

அந்த நிலம் வணிக மண்டலத்தில் வருகிறது. அப்படியானால் பெட்ரோல் நிலையம் வைப்பது அவர்களுடைய உரிமையாகிவிடுமா? அல்லது மறுக்கும் அதிகாரம் திட்டக் குழுவுக்கு உண்மையாகவே இருக்கிறதா? விசாரணையில் எதைச் சொன்னால் எடுபடும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: நகரமைப்புத் துறையில் பணிபுரிபவர்

வணிக மண்டலம் என்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. உங்கள் நகரத்தின் மண்டல விதிநூலில் ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு மண்டலத்திலும் எந்தத் தொழில் நேரடியாக அனுமதிக்கப்படுகிறது, எது நிபந்தனை அனுமதி பெற்றே நடக்கலாம், எது அறவே கூடாது என்று அது மூன்றாகப் பிரித்துச் சொல்லும். துணிக்கடையோ உணவகமோ பெரும்பாலும் முதல் வகையில் வரும். பெட்ரோல் நிலையத்தைப் பல நகரங்கள் இரண்டாம் வகையில்தான் வைத்திருக்கின்றன. அந்த மண்டலத்தில் இந்தத் தொழிலுக்கு இடமுண்டு, ஆனால் இந்தக் குறிப்பிட்ட மனைக்கு அது பொருந்துகிறதா என்பதை விசாரித்தே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்னும் சிற்றூர் தொடர்பான வழக்கில் 1926ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் மண்டல விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்ததிலிருந்து, இத்தகைய அதிகாரம் உள்ளாட்சிகளுக்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த அதிகாரத்தை மனம்போனபடி பயன்படுத்த முடியாது. அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் தீங்கில்லை, நகரின் பொதுத் திட்டத்தோடு முரண்படவில்லை என்பன போன்று, அனுமதி தருவதற்குக் குழு எட்ட வேண்டிய முடிவுகளை விதிநூலே பட்டியலிட்டிருக்கும். குழு ஒவ்வொன்றையும் ஆதாரத்தோடு எழுதிவைக்க வேண்டும். அவற்றுள் ஒன்றை எட்ட முடியாவிட்டாலும் அனுமதியை மறுக்கலாம். ஆகவே "நாங்கள் எல்லோரும் எதிர்க்கிறோம்" என்ற கையெழுத்துத் தொகுப்பைவிட, அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வரியை எடுத்துக்கொண்டு அது ஏன் இங்கே நிறைவேறவில்லை என்று காட்டும் இரண்டு பக்கக் கடிதம் பன்மடங்கு வலுவானது. ஏற்கெனவே உள்ள பெட்ரோல் நிலையங்களின் வியாபாரம் படுத்துவிடும் என்ற வாதத்தைத் தனியாக வைக்காதீர்கள். போட்டியிலிருந்து ஒருவரைக் காப்பது மண்டல விதியின் வேலையன்று.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். கலிஃபோர்னியச் சட்டப்படி, 300 அடிக்குள் உள்ள மனை உரிமையாளர்களுக்கு விசாரணைக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக அறிவிப்பு அனுப்பினால் பொதுவாகப் போதுமானது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் 301ஆவது அடியில் இருப்பவர்களுக்கும் அது வராமலே போகலாம். நீங்கள்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பின்னாளில் நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், விசாரணையின்போதோ அதற்கு முன்போ எழுப்பப்பட்ட காரணங்களை மட்டுமே பெரும்பாலும் அங்கே பேச முடியும். எனவே சொல்ல வேண்டியவை அனைத்தையும் விசாரணை முடிவதற்குள் எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

பதில் 2: மேரிலாந்து வாசகி

எங்கள் மான்ட்கோமரி கவுண்டியில் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் நிலைமையோடு இது நெருங்கிப் பொருந்துகிறது. வீட்டன் பகுதியிலுள்ள வணிக வளாகத்தில் கோஸ்ட்கோ என்னும் பேரங்காடி நிறுவனம் பதினாறு பம்புகள் கொண்ட நிலையம் அமைக்க விண்ணப்பித்தது. ஆண்டுக்கு 1 கோடியே 20 இலட்சம் கேலன் வரை விற்பனையாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அருகில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் பயிலும் பள்ளியும் ஒரு நீச்சல் குளமும் வீடுகளும் இருந்தன. பல ஆண்டுகள் நீண்ட அந்த விவகாரத்தில் கவுண்டியின் மேல்முறையீட்டு வாரியம் 2015இல் அனுமதி மறுத்தது.

இடையில் 2012இல் கவுண்டி மன்றம் மண்டல விதியையே திருத்தி, ஆண்டுக்கு 36 இலட்சம் கேலனுக்கு மேல் விற்கும் நிலையம் பள்ளி, பூங்கா, விளையாட்டுத் திடல், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றிலிருந்து 300 அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்று வரையறுத்தது. 2015இல் அதை 500 அடியாக உயர்த்தியது. இந்த 36 இலட்சமும் 300 அடியும் உங்கள் மாநிலத்திலிருந்து வந்த எண்கள் என்பதைக் கவனியுங்கள். கலிஃபோர்னியக் காற்று வள வாரியம் 2005இல் வெளியிட்ட நிலப் பயன்பாட்டுக் கையேட்டில், அந்த அளவுக்கு விற்கும் பெரிய நிலையங்களிலிருந்து 300 அடிக்குள்ளும், சாதாரண நிலையங்களிலிருந்து 50 அடிக்குள்ளும் வீடு, பள்ளி, காப்பகம் போன்றவற்றைப் புதிதாக அமைக்க வேண்டாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் நகரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமாக அது இல்லை. ஆனால் மாநில அமைப்பின் பரிந்துரை என்ற வகையில் குழு முன் வைக்கத்தக்க நல்ல ஆதாரம்.

வடகலிஃபோர்னியாவாசி

மிக்க நன்றி. நகராட்சி அலுவலகத்தில் மனை வரைபடத்தைப் பார்த்தேன். பம்புகள் சாலைப் பக்கமாக இருப்பதால், அங்கிருந்து அளந்து காப்பகம் 320 அடிக்கு அப்பால் இருப்பதாக விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறார்கள். இது சரியான கணக்கா?

பதில் 3: பெட்ரோல் நிலைய உரிமையாளர்

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரைபடத்தில் வென்ட் குழாய்கள் எங்கே என்று பாருங்கள். நிலத்தடித் தொட்டிகளின் ஆவி அழுத்தத்தை வெளியேற்ற, தரையிலிருந்து குறைந்தது 12 அடி உயரத்துக்குச் செல்லும் மெல்லிய இரும்புக் குழாய்கள் இரண்டு மூன்று வரிசையாக நிற்கும். வண்டிகள் மோதாமல் இருக்க அவற்றைப் பல இடங்களில் மனையின் பின்புறம், சுவரோரமாகவே நிறுத்துவார்கள். பம்பு சாலைப் பக்கம் இருந்து, குழாய் காப்பகத்தின் சுவரருகே இருந்தால், 320 அடி என்ற கணக்கு உங்கள் குழந்தைக்குப் பயன்படாது. டேங்கர் லாரி நின்று எண்ணெய் இறக்கும் இடத்தையும் சேர்த்தே பாருங்கள்.

தடை வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 60,000 பேர் வாழும் பெட்டலூமா நகரம், 2019இல் தற்காலிகமாக நிறுத்திவைத்து, 2021 மார்ச்சில் புதிய பெட்ரோல் நிலையங்களை நிரந்தரமாகத் தடை செய்தது. நாட்டிலேயே அதுதான் முதல் நகரம் என்று பேசப்பட்டது. ஏற்கெனவே இருந்த 16 நிலையங்கள் தொடரலாம், மின்வாகன மின்னேற்றிகளை வைக்கலாம், பெட்ரோல் பம்புகளைக் கூட்ட முடியாது. விதி மாறுவதற்கு முன்பே சட்டப்படி இயங்கிய தொழிலை ஓரிரவில் மூடச் சொல்ல முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. ஆனால் விதிநூல் குறிப்பிடும் காலத்துக்குத் தொழில் நின்றுபோனால் அந்த உரிமையும் போய்விடும். சில நகரங்களில் அது ஆறே மாதம். எளிதில் கசியக்கூடிய, ஒற்றைச் சுவர் கொண்ட பழைய நிலத்தடித் தொட்டிகளை அகற்ற 2014ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் 2025 இறுதியைக் கெடுவாக வைத்தது. தொட்டி மாற்றும் செலவைப் புரட்ட முடியாமல் பம்புகளை மூடிவைக்கும் சிறு உரிமையாளருக்கு இந்த ஆறு மாதம் பெரிய கத்தி. குழந்தைகளின் நலனில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. விதி எழுதும்போது இதற்கும் ஒரு வழி வைக்கும்படி கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பதில் 1க்கு உரியவர் மீண்டும்

உரிமையாளர் ஐயா சொன்னது மிகச் சரி. எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதை விதிநூலோ நிபந்தனையோ தெளிவாகச் சொல்லாதபோது, விண்ணப்பதாரர் தமக்கு வசதியான புள்ளியை எடுத்துக்கொள்வார். மான்ட்கோமரி விதி காப்பகத்தின் மனை எல்லையிலிருந்து அளக்கிறது. அதையே நீங்களும் கேட்கலாம்.

வென்ட் குழாய் தொடர்பாக, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2018இல் வெளியான ஆய்வைக் கடிதத்தோடு இணையுங்கள். இரண்டு நிலையங்களின் குழாய்களில் வெளியேறிய ஆவியை நேரடியாக அளந்த அவர்கள், இடைவெளி விதிகளுக்கு அடிப்படையாகக் கொண்ட பழைய மதிப்பீட்டைவிட அது பத்து மடங்குக்கும் அதிகம் என்று கண்டார்கள். ஒரு நிலையத்தில், பெட்ரோல் ஆவியில் உள்ள புற்றுநோய் உண்டாக்கும் பொருளான பென்சீனுக்குரிய குறுகிய காலப் பாதுகாப்பு வரம்பு 160 மீட்டர் தொலைவுவரை மீறப்படக்கூடும் என்றும் கணக்கிட்டார்கள். 300 அடி என்பது 91 மீட்டர்தான். அந்த நிலையங்கள் கலிஃபோர்னியாவில் இல்லை, இங்கே பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் பிடிக்கும் ஆவி மீட்புக் கருவிகளின் தரம் உயர்ந்தது என்று விண்ணப்பதாரரின் ஆலோசகர் மறுப்பார். அந்த மறுப்பு நியாயமானதே. ஆகவே, "இந்த நிலையத்தின் குழாய்களுக்கு இதே முறையில் கணக்கிட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

மண்டல அனுமதி தவிர, காற்று மாசைக் கட்டுப்படுத்தும் வட்டார அமைப்பான காற்றுத் தர மாவட்டத்தின் அனுமதியும் அவர்களுக்கு வேண்டும். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் வரும் புதிய மாசு மூலத்துக்குப் பெற்றோர்களுக்கும் சுற்றியுள்ளவர்களுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. ஆனால் அங்கே "பள்ளி" என்பது மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ளதையே குறிக்கும், காப்பகம் அதில் சேராது. அந்தக் கடிதம் வரும் என்று காத்திருக்காமல், மாவட்ட அலுவலகத்துக்கு நீங்களே எழுதி விண்ணப்பத்தின் நிலையையும் உடல்நல இடர் மதிப்பீட்டின் படியையும் கேட்டு வாங்குங்கள்.

குழு அனுமதி வழங்கும் பக்கம் சாய்வதாகத் தெரிந்தால், எதிர்ப்போடு நிறுத்திவிடாமல் நிபந்தனைகளையும் கேளுங்கள்: வென்ட் குழாய்கள் சாலைப் பக்கம் மாற வேண்டும், காப்பகம் திறந்திருக்கும் நேரத்தில் டேங்கர் வரக் கூடாது, ஆண்டு விற்பனைக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும், அந்தக் கணக்கை ஆண்டுதோறும் நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். இவற்றை விசாரணைக்கு முன்பே எழுத்தில் கொடுத்தால்தான் அதிகாரிகளின் அறிக்கையில் இடம்பெறும்.