கிளிப் சுருள் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?

கயல்_சென்னை:
தோழிகளே, அவசர உதவி வேண்டும். மூன்று மாதம் முன்பு, தங்கை நிச்சயதார்த்தத்துக்காக, சொந்த முடியோடு சேர்த்து மாட்டிக்கொள்ளும் கிளிப் வைத்த சுருள் முடி ஒரு செட் வாங்கினேன். ஏழு துண்டு, 18 அங்குலம். மனித முடி, அதிலும் ரெமி என்ற நல்ல ரகம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். முதல் நாலைந்து தடவை பட்டு மாதிரி இருந்தது. வறண்டது போலத் தெரிந்ததும் என் முடிக்குச் செய்வது போலவே தேங்காய் எண்ணெய் தடவி, சீயக்காய் போட்டு, போர் தண்ணீரில் அலசினேன். இப்போது எல்லாம் சிக்கு. பிடரியில் மாட்டும் இரண்டு துண்டிலும் நெல்லிக்காய் அளவுக்கு முடிச்சு. சீப்பு உள்ளேயே போகவில்லை. இன்னும் பத்து நாளில் கல்யாணம். தூக்கிப் போட மனசு வரவில்லை.

மதுரை_பார்லர்_அக்கா:
பதறாதீர்கள். சீப்பைக் கீழே வையுங்கள், முதலில் அது என்ன முடி என்று பார்த்துவிடலாம். ஓரத்திலிருந்து இரண்டு முடியை வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல் கொளுத்துங்கள். உருகிக் கெட்டியான மணியாக உருண்டால் செயற்கை இழை. கருகி, முடி பொசுங்கும் வாடை வந்து, விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிர்ந்தால் மனித முடி.

அப்புறம் இன்னொன்று. கிளிப் இருக்கும் மேல் ஓரத் தையலை ஒட்டிப் பத்து முடியை வெட்டி, வெட்டிய முனை மேலே இருக்கும்படி ஒவ்வொன்றாக விரலிடுக்கில் உருவுங்கள். மேலிருந்து கீழே எப்படிப் போகிறது, கீழிருந்து மேலே எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள்.

தூத்துக்குடி_பொண்ணு:
நான் துணிக்குப் போடும் சாஃப்ட்னரில் ஊற வைப்பேன். என்னுடையது நன்றாகவே இருக்கிறது.

மதுரை_பார்லர்_அக்கா:
உங்களுடையது செயற்கை இழையாக இருக்கலாம். அதற்கு அது ஒத்துப்போகும். மனித முடிக்குத் தலைக்குப் போடும் கண்டிஷனரே போதும்.

கயல்_சென்னை:
பார்த்துவிட்டேன் அக்கா. சாம்பல்தான், வாடையும் அதேதான். ஆனால் பத்தில் ஆறு முடி கீழ்நோக்கி வழுக்குகிறது, நாலு முடி தலைகீழாக மேல்நோக்கி வழுக்குகிறது!

மதுரை_பார்லர்_அக்கா:
அப்படியானால் மனித முடிதான், ஆனால் ரெமி இல்லை. முடியின் மேல் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில்கள் அடுக்கியிருக்கும். எல்லாம் வேரிலிருந்து நுனியைப் பார்த்துதான் படிந்திருக்கும். திருப்பதியிலும் பழநியிலும் காணிக்கை கொடுக்கும் நீள முடியைக் கட்டாகக் கட்டி எடுத்தால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் மாறாமல் இருக்கும். ரெமி என்றால் இந்த ஒழுங்குதான். தெருவில் சிக்கு முடியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பார்களே, அந்த முடியில் வேர் எது நுனி எது என்று தெரியாது. எதிரெதிர் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். இதை மறைக்கச் செதிலை அமிலத்தில் கரைத்து, மேலே சிலிகோன் பூசி விற்பதும் உண்டு. உங்களுடையதில் செதில் முழுக்கப் போகவில்லை, மேலே இருந்த பூச்சுதான் போயிருக்கிறது. முதல் நாலைந்து தடவை பட்டு மாதிரி இருந்ததற்குக் காரணம் அந்தப் பூச்சு.

அதனால் சிக்கு முழுக்க உங்கள் தப்பில்லை. ஆனால் சீயக்காய்த் தூள் தையலுக்குள் மண் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கெட்டி எண்ணெயில் தூசி ஒட்டும். போர் தண்ணீரின் உப்பு முடியைச் சொரசொரப்பாக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு துண்டை மட்டும் தட்டையான தட்டில் பரப்புங்கள். கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி அரை மணி நேரம் விடுங்கள், முடிச்சுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. தையல் பக்கத்தை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியில் இரண்டு அங்குலத்தை மட்டும் விரலால் பிரியுங்கள். அது பிரிந்த பிறகே அடுத்த இரண்டு அங்குலம். முடிச்சை இழுக்காதீர்கள், பூச்சரம் சிக்கினால் எடுப்போமே அப்படி ஓரத்திலிருந்து இழை இழையாக எடுங்கள். கடைசியில்தான் அகலப்பல் சீப்பு. சல்ஃபேட் இல்லாத ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் தடவி அலசுங்கள். துணி மாதிரிக் கசக்கக் கூடாது. ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து ஊற்றிவிட்டு, வெறும் கேன் தண்ணீரில் முடியுங்கள்.

ஈரத்தை பழைய பனியன் துணியில் ஒற்றி எடுத்து, உள்ளங்கையில் நுனியிலிருந்து மேலே பொத்திப் பொத்தி விடுங்கள். சுருள் தானாக எழும்பும். ஹேங்கரில் மாட்டி நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த பிறகு மறுபடி சீப்பு வைத்தால் சுருள் பஞ்சாகிவிடும்.

சேலம்_சுருள்முடி:
அக்கா சொன்னதோடு ஒன்று. மல்லிகைச் சரத்தை அந்தத் துண்டின் தையலில் குத்தாதீர்கள். கொண்டை ஊசி தையல் நூலை அறுத்துவிடும், முடி கொட்டும். பூவை உங்கள் சொந்த முடியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, தளர்வாகப் பின்னி வைத்துவிட்டுப் படுங்கள்.

கயல்_சென்னை:
மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். ஐந்து துண்டு பிழைத்துவிட்டது! ஈரத்தில் பொத்திவிட்டதும் அந்தப் பழைய அலை திரும்பி வந்தது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிடரித் துண்டு இரண்டில் ஒன்று பாதி பிரிந்தது, இன்னொன்று அசையவே இல்லை.

மதுரை_பார்லர்_அக்கா:
ரொம்ப சந்தோஷம். அசையாததை முடிச்சுக்கு மேலே வெட்டிவிடுங்கள். பாதி பிரிந்ததைக் காதுக்கு மேல் வரிசையில் மாட்டுங்கள். பிடரியில் வியர்வையும் ரவிக்கை நாடாவும் சங்கிலியும் உரசும், அங்கே மறுபடி முடிச்சு விழும். முகூர்த்தத்துக்கு ஆறு துண்டு தாராளம். ஒன்றே ஒன்று, தாழம்பூ எண்ணெயோ வேறு எதுவோ, கிளிப் உட்காரும் இடத்தில் அன்றைக்கு எண்ணெய் வேண்டாம். வழுக்கிவிடும்.