உதவி: தமிழ்ப் பெயர் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது, சர்வ்லெட், அவசரம்

ஓடி_துறைமுகம்:
நேற்று வரை நன்றாக வந்துகொண்டிருந்த தமிழ்ப் பெயர்கள் இன்று எல்லாம் கேள்விக்குறி. ஜாவா சர்வ்லெட் (பக்கத்தை உருவாக்கி அனுப்பும் சர்வர் புரோகிராம்), பெயர்களைச் சேர்த்து வைக்க மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். கடலூர் முதுநகரில் சித்தப்பாவின் ஐஸ் வியாபாரத்துக்காக நானே எழுதியது, யாருக்கு எத்தனை ஐஸ் பார் போனது, பாக்கி எவ்வளவு, அவ்வளவுதான். கோடில் ஒன்றும் மாற்றவில்லை. விடிகாலை 4 மணிக்குப் படகுக்காரர்கள் வந்து நிற்பார்கள், அதற்குள் சரியாக வேண்டும். யாராவது சொல்லுங்கள் ப்ளீஸ்.

கெடிலக்கரை:
சர்வ்லெட்டை ஓட்டும் டாம்கேட் சர்வர் எந்த வெர்ஷன்? ஃபார்ம் அனுப்புவது கெட்டா (முகவரி வரியோடு சேர்த்து), போஸ்டா (தனியாக உள்ளே வைத்து)? ஜேஎஸ்பி பக்கம் உண்டா? இதெல்லாம் சொல்லாமல் என்ன சொல்வது தம்பி.

நைட்ஷிப்ட்_நெய்வேலி:
டேபிளின் என்கோடிங் (எழுத்தை பைட்டாக்கும் முறை) யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்காது. மாற்றுங்கள், சரியாகிவிடும். எனக்கு இதே மாதிரி வந்து ஒரு வாரம் போனது.

முத்தியால்பேட்டையான்:
ஃபாண்ட் பிரச்சினை. அந்த கம்ப்யூட்டரில் லதா என்ற தமிழ் ஃபாண்ட் இருக்கிறதா பாருங்கள்.

சர்வர்_சித்தர்:
இந்தக் காலத்தில் வெறும் சர்வ்லெட் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா? ஸ்பிரிங் பூட் ஃப்ரேம்வொர்க் போட்டிருந்தால், வருவதை யூடிஎஃப்-8 ஆகப் படிக்கச் சொல்லும் என்கோடிங் ஃபில்டர் அதுவே வந்து உட்கார்ந்திருக்கும். அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள், பத்து வருடமாக இதே கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.

கெடிலக்கரை:
அவர் கேட்டதே அடிப்படைதான் சித்தரே. அலுத்தவர் ஏன் முதல் ஆளாக வந்து நிற்கிறீர்கள்?

ஓடி_துறைமுகம்:
டாம்கேட் 9. போஸ்ட். ஜேஎஸ்பி இல்லை, சர்வ்லெட்டிலேயே ரைட்டர் எடுத்து எழுதுகிறேன். டேபிள் யூடிஎஃப்8எம்பி4தான். அப்புறம், தம்பி இல்லை, தங்கச்சி.

தேங்காய்த்திட்டு:
தங்கச்சி, ஒரு கேள்வி. திரையில் வருவது நிஜமாகவே கேள்விக்குறியா? இல்லை, தலையில் சாய்வாகக் கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இது மாறி மாறி வருகிறதா? இரண்டும் வேறு வேறு வியாதி. முருகன் என்பது கண்ணுக்கு 4 எழுத்து, ஆனால் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் யூனிகோடில் 7 குறியீடு. சரியாக 7 கேள்விக்குறி வந்தால், ஜாவா பெயரைச் சரியாகத்தான் வாங்கியிருக்கிறது, வெளியே எழுதும்போதோ டேட்டாபேஸுக்குப் போகும் வழியிலோ தொலைத்துவிட்டது. வட்டத்துக்குள் ஆர் வந்தால் வாங்கும்போதே தப்பு.

ஓடி_துறைமுகம்:
அய்யோ ஆமாம், அந்த வட்டத்துக்குள் ஆர்தான். புரியாத எழுத்து எல்லாமே எனக்குக் கேள்விக்குறிதான், அப்படியே எழுதிவிட்டேன்.

முத்தியால்பேட்டையான்:
ஃபாண்ட் இல்லையென்றால் கட்டம் கட்டமாகத்தான் வரும். சரி, என் கணக்கு தப்பு.

நைட்ஷிப்ட்_நெய்வேலி:
கனெக்‌ஷன் வரியில் கேரக்டர் என்கோடிங் போட்டிருக்கிறீர்களா? எம்பி4 இல்லாமல் தமிழ் நிற்காது.

தேங்காய்த்திட்டு:
நிற்கும் அண்ணா. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட், மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 3 பைட் வரை வாங்கும், அதற்கே அது அடங்கும். 4 பைட் கேட்பது எமோஜி மாதிரி ஆட்கள். எம்பி4 வைப்பது நல்லதுதான், ஆனால் இங்கே நோய் அது இல்லை.
தங்கச்சி, பெயரைத் தேடும் பெட்டி கெட் என்றால் அதில் முருகன் என்று அடித்தால் கிடைக்கிறாரா? நீளமான பெயர் எதையாவது ஏற்ற முடியாமல் போயிருக்கிறதா?

ஓடி_துறைமுகம்:
தேடல் கெட்தான், ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஒருவரும் கிடைத்ததில்லை, அதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். சுப்பிரமணியன் என்று ஒருவர் ஏறவே மாட்டார், டேட்டா டூ லாங் என்று வரும், அதனால் சுப்பு என்று போட்டேன். இது வேறு பிரச்சினை என்று நினைத்துச் சொல்லவில்லை.

தேங்காய்த்திட்டு:
அதுவேதான் பிரச்சினை. டேபிளில் பெயருக்கான பத்தி வார்கேர் 30, அதாவது 30 எழுத்து வரை, என்றுதான் இருக்கும், பந்தயம். சுப்பிரமணியன் 13 குறியீடு, 39 பைட். ஃபார்ம் போஸ்டில் வரும்போது பிரவுசர் என்ன என்கோடிங் என்று சொல்லி அனுப்புவதில்லை. சொல்லாவிட்டால் ஐஎஸ்ஓ 8859-1, அதாவது ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து, என்று எடுத்துக்கொள் என்பது சர்வ்லெட் விதி. அதனால் டாம்கேட் 39 பைட்டையும் 39 தனி எழுத்தாக எண்ணிவிட்டது. 30க்குள் எப்படி அடங்கும்? கெட்டில் வருவதை டாம்கேட் 8 முதலே யூடிஎஃப்-8 ஆகப் படிக்கிறது, ஆகவே தேடலில் சரியான முருகன் போகிறார், டேபிளில் இருப்பவரோ உடைந்த முருகன், எப்படிச் சந்திப்பார்கள்?

கெடிலக்கரை:
அப்படியென்றால் நேற்று வரை எப்படிச் சரியாக வந்தது? ஒன்றும் மாற்றவில்லை என்கிறாரே.

தேங்காய்த்திட்டு:
மாற்றியிருப்பார். பக்கம் எந்த என்கோடிங் என்று பிரவுசருக்குச் சொல்லும் செட்கன்டென்ட்டைப் வரி எப்போது வந்தது, கேளுங்கள்.

ஓடி_துறைமுகம்:
அது... நேற்று ராத்திரி ஒரு வீடியோ பார்த்து சேர்த்தேன். சார்செட் யூடிஎஃப்-8 என்று. நல்லதுதானே அது?

தேங்காய்த்திட்டு:
நல்லதுதான், பாதி. முன்னால் உடைத்து வாங்கி, உடைத்தபடியே வெளியே எழுதினீர்கள், பைட் மாறாமல் போனது, பிரவுசர் பக்கத்தின் தலையில் இருக்கும் மெட்டா டேக்கைப் பார்த்து யூடிஎஃப்-8 என்று தானே ஒட்டிக்கொண்டது. இரண்டு தப்பு சேர்ந்து சரியாகத் தெரிந்தது. நேற்று வெளியே எழுதும் தப்பை மட்டும் திருத்திவிட்டீர்கள், வாங்கும் தப்பு இப்போது வெளியே தெரிகிறது.
போஸ்டை வாங்கும் டூபோஸ்ட்டுக்குள் ரெக்வெஸ்ட்.செட்கேரக்டர்என்கோடிங் போட்டு அதற்குள் யூடிஎஃப்-8 கொடுங்கள். என் போனில் தமிழ் கீபோர்டுதான், இந்த வரியை ஆங்கிலத்தில் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

சர்வர்_சித்தர்:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன், என்கோடிங் ஃபில்டர் என்று. கல்லூரியில் இன்னும் 2009 காலத்து சர்வ்லெட் லேபை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்.

கெடிலக்கரை:
நீங்கள் ஸ்பிரிங் பூட் என்றீர்கள். பூட்டுக்கு உள்ளேயும் டாம்கேட்தான் ஓடுகிறது, சர்வ்லெட்தான் பதில் சொல்கிறது. அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் மேலே மட்டும் ஏறினவர்கள்தான் ஜாவாஎக்ஸ் என்ற பேக்கேஜ் பெயர் ஜகார்த்தா ஆனபோது டாம்கேட் 10ல் 404 (பக்கம் இல்லை) வாங்கி அழுதார்கள்.

சர்வர்_சித்தர்:
டாம்கேட் 10ல் அந்த யூடிஎஃப்-8 வரி கான்ஃப் ஃபோல்டரில் இருக்கும் வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பிலேயே எழுதி வருகிறது. அதற்குப் போயிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

கெடிலக்கரை:
இது உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு இறக்குமதி வரி எல்லாம் ஜகார்த்தா என்று மாற்ற வேண்டும், 4 மணிக்குள் ஆகுமா?

முத்தியால்பேட்டையான்:
இவ்வளவு தொல்லை எதற்கு, பெயரை இங்கிலீஷில் போட்டால் முடிந்தது.

நைட்ஷிப்ட்_நெய்வேலி:
இங்கிலீஷில் முருகனை யு போட்டு ஒருவர், ஓஓ போட்டு ஒருவர், கடைசியில் ஏஎன் போட்டு ஒருவர் எழுதுவார். ஒரே ஆள் பாக்கி மூன்று ஆளாகப் பிரிந்து நிற்கும். எங்கள் ஸ்டோரில் நடந்தது, கணக்கு நேராக நாலு மாதம் ஆனது.

முத்தியால்பேட்டையான்:
தமிழில் மட்டும் என்ன, ணவும் னவும் மாறாதா?

ஓடி_துறைமுகம்:
சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, அந்தப் பேச்சே வேண்டாம். வரியைப் போட்டேன், மாறவில்லை.

தேங்காய்த்திட்டு:
எந்த வரிக்குக் கீழே போட்டீர்கள்?

ஓடி_துறைமுகம்:
முதல் வரி ஆக்‌ஷன் எடுப்பது, ஃபார்மில் வந்ததைப் படிக்கும் கெட்பாராமீட்டர். அடுத்து இது.

தேங்காய்த்திட்டு:
அதுதான். முதல் கெட்பாராமீட்டரைக் கூப்பிட்ட உடனேயே மொத்த ஃபார்மையும் பிரித்து வைத்துவிடும், அதற்கப்புறம் என்கோடிங் சொன்னால் காதில் விழாது. முதல் வரிக்கும் மேலே தூக்குங்கள். நேரம் கிடைக்கும்போது ஃபில்டராக மாற்றுங்கள், இல்லையென்றால் வெப்.எக்ஸ்எம்எல்லில் ரெக்வெஸ்ட் கேரக்டர் என்கோடிங் என்று ஒரு டேக், சர்வ்லெட் 4ல் வந்தது, டாம்கேட் 9க்குப் போதும்.
பழைய வரிசைகள் தானாகத் திருந்தாது. டேட்டாபேஸின் முழு நகல் (டம்ப்) ஒன்று எடுத்துவிட்டு, ஜாவாவிலேயே ஒவ்வொரு பெயரையும் 8859-1 ஆக பைட்டாக்கி யூடிஎஃப்-8 ஆகத் திரும்பப் படித்து எழுதுங்கள், ஒரு தடவை மட்டும். எஸ்க்யூஎல்லில் செய்யப் போகாதீர்கள், மைஎஸ்க்யூஎல் லேட்டின்1 என்று சொல்வது உண்மையில் விண்டோஸ் 1252, பாதி எழுத்து அங்கே நிஜமாகவே கேள்விக்குறி ஆகிவிடும்.

கெடிலக்கரை:
என்ன ஆயிற்று தங்கச்சி? ஆளையே காணோம்.

முத்தியால்பேட்டையான்:
மணி 4 தாண்டிவிட்டது. ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்.

ஓடி_துறைமுகம்:
வந்துவிட்டது. மேலே தூக்கினதும் புதுப் பெயர்கள் சரி. பழையது 60 பேர்தான், சித்தப்பா நோட்டைப் பார்த்துக் கையால் அடித்துவிட்டேன். சுப்பிரமணியன் ஏறிவிட்டார், முழுப் பெயரோடு. நன்றி அண்ணா, தூங்கப் போகிறேன்.