பாங்காக்கில் முதல் இரண்டு நாள்: மீன் சாறும் மஞ்சள் கொடியும்

நாங்கள் 16 பேர், மூன்று குடும்பம். அதில் 5 பேர் சைவம். அந்த ஐவரிலும் அத்தை வெங்காயம், பூண்டுகூடத் தொடமாட்டார். அதனால் ஊர் பார்த்த கதையைவிடச் சாப்பாட்டுக் கதைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

இறங்கிய அன்று ராத்திரி ஹோட்டலுக்குப் பக்கத்துத் தெருக்கடையில் வெஜ் ஃபிரைடு ரைஸ் சொன்னோம். கேரட், கோஸ், பீன்ஸ் என்று பார்க்கச் சுத்த சைவமாகத்தான் வந்தது. அத்தை ஒரு வாய் வைத்ததுமே, "ஏண்டா, கருவாட்டு வாடை அடிக்குதே" என்று தட்டைத் தள்ளிவிட்டார். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். 'நாம் ப்ளா', அதாவது மீன் சாறு. நாம் உப்பு போடுகிற இடத்தில் அவர்கள் பெரும்பாலும் இதைத்தான் ஊற்றுகிறார்கள். கறி வேண்டாம் என்றால் கறியை விட்டுவிடுவார்கள், சாறு விழுந்துவிடும். அன்று ஐவருக்கும் வாழைப்பழமும் பிஸ்கெட்டும்தான்.

மறுநாள் காலை பெரிய அரண்மனை. படகுத்துறையில் இறங்கி நடக்கும்போது, நன்றாக உடுத்திய ஒருவர் தானாக வந்து பேசினார். "இன்று விசேஷம், மதியம் வரை மூடியிருக்கும். 20 பாட் (தாய்லாந்துப் பணம்) கொடுத்தால் டுக் டுக் ஆட்டோவில் மூன்று கோயில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்றார். மாமா ஏறி உட்கார்ந்தேவிட்டார்! அந்தச் சவாரி கடைசியில் நகைக்கல் கடையில் கொண்டுபோய் விடும் என்று முன்பே படித்திருந்ததால் நான்தான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன். வாசலுக்குப் போனால் ஜேஜே என்று கூட்டம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் போனால், வாசல்வரை போய்ப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வாசலில் அடுத்த சிக்கல் பெரியப்பா. முழங்கால் தெரியும் டிரவுசரில் வந்திருந்தார், விடவில்லை. வெளியே ஒரு கடையில் யானைப் படம் போட்ட தொளதொள பேன்ட் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். டிக்கெட் ஆளுக்கு 500 பாட்.

உள்ளே மரகத புத்தர் என்கிறார்களே, சிலை 66 செ.மீ.தான், கல்லும் மரகதம் இல்லை, ஜேட். ஆண்டுக்கு மூன்று முறை, பருவத்துக்கு ஒன்றாக, மன்னர் சிலைக்கு உடை மாற்றுகிறார். எனக்கு அதைவிடப் பிடித்தது சுற்றுப் பிரகாரச் சுவரில் 178 பகுதிகளாக வரைந்திருக்கும் ராமகியன், அவர்களுடைய ராமாயணம். வெள்ளைக் குரங்கைப் பார்த்ததும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்த அனுமனுக்கு ராவணன் மகளான மச்சகன்னியோடு காதல் உண்டு என்று கைடு சொன்னதும் முகம் மாறிவிட்டது. "பிரம்மச்சாரியைப் போயி இப்படிப் பேசறாங்களே!" அதற்குப் பிறகு அந்தப் பிரகாரத்தில் அவர் நிமிரவே இல்லை.

வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். பின்பக்கம் வரிசையாக 108 கிண்ணங்கள். சில்லறைக் காசை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். சின்னதுகளுக்கு அன்றைய தினத்தின் உச்சம் அதுதான்.

பசி வந்தபோதுதான் கைடு வாய் திறந்தார், "ஜே கடைக்குப் போவோமா?" நேற்றே சொல்லியிருக்கலாம். சீன பௌத்த வழியில் வந்த சைவம் அது: கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும். நம் கண்ணுக்கு 17 என்று எழுதினாற்போலத் தெரியும். யாவராட் தெருவில் அந்தக் கொடியைப் பார்த்து நுழைந்தோம். காளான் குழம்பு, டோஃபு, சோறு. அத்தை இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார். அதன் பிறகு பஸ்ஸில் போகும்போதெல்லாம் "அதோ பதினேழு" என்று ஜன்னல் வழியே கை நீட்டுவது அவர் வேலையாகிவிட்டது.

சாயங்காலம் வாட் சுதாட் கோயில் முன்னால் நிற்கும் ராட்சத ஊஞ்சல். உயரமான சிவப்புத் தூண்கள்தான் இப்போது இருக்கின்றன, ஊஞ்சலாட்டம் 1935லேயே நின்றுவிட்டது. ஆனால் அந்த ஊஞ்சல் விழாவின் பெயர் த்ரியம்பவாய். நம் திருவெம்பாவைதான் அப்படிப் போயிருக்கிறது! அருகிலேயே இருக்கும் பிராமணர் கோயிலில் சடங்கு இன்னும் நடக்கிறது என்றார் கைடு. மார்கழியில் திருவெம்பாவை பாடாமல் விடாத அத்தை அந்தத் தூண்களையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பஸ் ஹாரன் இரண்டு முறை அடித்த பிறகுதான் வந்து ஏறினார்.

மூன்றாம் நாள் காலை பழைய தலைநகரான அயுத்தயா. பெரியப்பா அதே யானை பேன்ட்டில் முதல் ஆளாக வந்து நின்றார்.